அண்ணாந்து குடித்த கிண்ணம்

சிவமயம்

கொக்குவில்

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கோயிலுக்குப் போக வெளிக்கிட்டுப் படலையடியில் நின்ற நேரம் தபாற்காரன் நீட்டினான். பிரிக்காமல் போக மனம் வருமா? அங்கேயே நின்று வாசித்தேன், பூசைக்குப் பிந்திவிட்டேன். உனக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் கிடைத்துவிட்டது, ஆவணியில் கலியாணத்துக்கு முன்பே வந்துவிடுவாய் என்று வாசித்தபோது பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். பண்ணைக் கடலோரத்துப் பாய்வள்ளக் கிளப்புக்காரர் உன்னை மெம்பராகச் சேரும்படி தாங்களாகவே கேட்டிருக்கிறார்கள், கலியாண விருந்துக்குத் தங்கள் மண்டபத்தையும் தருகிறார்கள் என்று வாசித்தபோது உச்சி குளிர்ந்தது. உன் அப்பாவுக்கு அரைக் கதவு திறந்தவர்கள் உனக்கு முழுக் கதவையும் திறக்கிறார்கள், பெருமை இல்லாமல் போகுமா? ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருந்த ஒரு வசனத்தைப் பார்த்ததும், நேர்ந்த தேங்காயை உன் தலையில் உடைக்கலாம் போலிருந்தது. "அன்றைக்கு என் வாய்த்துடுக்கால் அப்பாவுக்கு அந்த மேசையில் வந்த தலைகுனிவை, நான் மெம்பராகி அழித்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

இத்தனை வருஷமும் இதையா நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய்? போன வருஷம் மாசியில் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு "என்னை மன்னியுங்கோ அப்பா" என்று நீ அழுதாய். தூரத்தில் உத்தியோகம் பார்த்த பிள்ளை, உயிரோடு முகம் பார்க்கக் கிடைக்காத ஏக்கம் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது. பாதிக் கூத்தில் எழும்பிப் போனவன் கூத்தின் முடிவைப் பற்றிக் கதைக்கக்கூடாது, தம்பி. நீ அன்றைக்குச் சூசையோடு எழும்பிப் போய்விட்டாய். நான் கடைசிவரை அந்தக் கதிரையில் இருந்தேன். ஆகவே நான் சொல்கிறேன், நீ கேள். கலியாணம் கட்டப்போகிறவன் தன் தகப்பன் எப்படிப்பட்ட மனுஷன் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு கட்டவேண்டும்.

ஊர் உன் அப்பாவை முதலியார் என்றது. கோட்டில் மொழிபெயர்ப்பது அவருடைய வேலை, அந்தப் பட்டமும் வேலையோடு வந்ததுதான். சாட்சிக்காரன் தமிழில் சொல்வதை நீதிபதித் துரைக்கு இங்கிலீசில் சொல்லவேண்டும், துரை கேட்பதைச் சாட்சிக்காரனுக்குத் தமிழில் சொல்லவேண்டும். சாட்சிக்காரன் தூஷணம் பேசினால் அதையும் சொல்லவேண்டும், அழுதால் இவர் அழாமல் சொல்லவேண்டும். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்த குடும்பம் அவருடையது. அதனால் உவமையும் அங்கிருந்துதான் வரும். "நான் தோட்டத்துப் பீலி மாதிரி. தண்ணி என்ரை இல்லை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, போக விட்டால் சரி" என்பார். வீட்டிலும் அதே பழக்கம். பெரியமாமாவும் சின்னமாமாவும் எல்லைவேலிக்குச் சண்டைபிடித்து இவரிடம் வந்தால், "அவர் இப்பிடிச் சொல்லுறார், இவர் இப்பிடிச் சொல்லுறார்" என்று இரண்டு பக்கமும் வடிவாக எடுத்துச் சொல்வார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டால் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். உனக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டதற்கே என் தகப்பனார் சொன்னதையும் தன் தகப்பனார் சொன்னதையும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர். நான் எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். சொந்தமாக ஒரு சொல் இல்லாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று உன் சின்னம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த மனுஷனுக்குச் சொந்தமாக ஓர் ஆசை இருந்தது என்றால், அது காற்று. தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடல் எங்கிருந்து பிடித்துக்கொண்டதோ தெரியாது. சீமைக்குத் திரும்பிப்போன ஓர் இஞ்சினியர்த் துரை விட்டுப்போன பழைய பாய்வள்ளத்தை வாங்கி, குருநகர்த் தச்சரைக் கொண்டு பலகை மாற்றி, கிளப்புத் துறையில் கட்டினார். வள்ளம் கட்டலாம், ஓட்டலாம், ஆனால் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போகக்கூடாது. அப்படியும் ஒரு மெம்பர் வகை அங்கே இருந்தது. சனிக்கிழமை கடலில் ஓடிவிட்டு வந்து, மற்றவர்கள் உள்ளே தட்டும் கரண்டியும் சத்தம் போடச் சாப்பிட, இவர் துறையடியில் நின்று நான் கட்டிக்கொடுத்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவார். "அரை மெம்பர் வந்திட்டார்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அந்த மேசையில் இருக்க ஆசை. ஆசையென்று வாயால் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது.

அந்த வருஷம் கிளப்புக்குத் தலைவர், கொமடோர் என்பார்கள், அப்பாவின் நீதிபதித் துரையேதான். அவரே அப்பாவின் பெயரை முழு மெம்பருக்கு எழுதிக்கொடுத்தார். வருஷப் போட்டி முடிந்து, வாக்குக்குப் பெயர் போனவர்களையும் மனைவிமாரையும் அழைக்கும் பகல் விருந்து ஒன்று நடக்கும். அது முடிந்த அடுத்த கிழமை வாக்கு. வெள்ளை உருண்டை என்றால் சம்மதம், கறுப்பு உருண்டை என்றால் மறுப்பு. பெட்டிக்குள் கையை விட்டுப் போடுவதால் யார் எதைப் போட்டார் என்று தெரியாதாம். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த நீ லீவில் வந்து நின்றாய். அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு என்று போட்டிக்கு வள்ளத்தை நீ எடுத்தாய், பாய்க்கயிறு பிடிக்கக் குருநகர் சூசையைக் கூட்டிக்கொண்டு போனாய். சூசை உன் வயதுப் பெடியன், தகப்பனோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவன், உன்னுடைய கூட்டாளி. எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருக்கிறான்! வந்தால் விறாந்தையோடு நிற்பான். நானும் உள்ளே வா என்று சொன்னதில்லை, அவனும் வந்ததில்லை. அந்தக் காலம் அப்படி, நானும் அந்தக் காலத்து மனுஷிதான்.

விருந்துக்கு முந்திய கிழமை முழுக்க எங்கள் வீட்டில் நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். அப்பா எங்கேயோ இரவல் வாங்கிய முள்ளுக்கரண்டியும் கத்தியும் கொண்டுவந்து எனக்குப் பழக்கினார். புட்டு முள்ளுக்கரண்டியில் நிற்குமா? நான் தூக்க, அது உதிர, நீ சிரிக்க, "இடியப்பத்திலை பழகும், அது பிடிக்கும்" என்று அவர் மிகக் கவனமாகச் சொன்னார். எனக்கு இருந்த பயம் கரண்டி அல்ல, எச்சில். உனக்குத் தெரியும், நான் கட்டின புருஷன் வாய் வைத்த பாத்திரத்திலும் குடிக்காதவள். மூக்குப்பேணியில் தூக்கி அண்ணாந்து குடித்து வளர்ந்த தொண்டை இது. அங்கே கண்ணாடிக் கிளாசாம், எல்லாரும் வாய் வைத்தே குடிப்பார்களாம். "தண்ணியே குடிக்கமாட்டன், விக்கினாலும் குடிக்கமாட்டன்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டு, மயிலிறகுப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். மருமகளைக் கரண்டி பழக்கு, கத்தி பழக்கு என்று நீ அங்கே வதைக்காதே. தெரியாத இடத்தில் தெரியாது என்று இருந்து சாப்பிட்டவளை யாரும் கடித்ததில்லை.

அன்றைக்குச் சோளகக் காற்று விசர் பிடித்தது போல அடித்தது. கிளப்பு விறாந்தையில் தொப்பிகள் பறந்தன. மற்ற வள்ளங்கள் பாயைச் சுருக்கிக்கொண்டு வர, நீங்கள் இரண்டுபேரும் முழுப் பாயோடு வந்து முதலாவதாகத் திரும்பியதைக் கண்டேன். அப்பா முதுகுப் பிடிப்பை மறந்து கதிரையில் ஏறி நின்றார். ஆனால் வள்ளம் துறையைத் தொட்ட உடனேயே விறாந்தையில் ஒரு குசுகுசுப்பு. வென்ற வள்ளத்தில் ஓடிய எல்லாரும் கொமடோரின் மேசையில் இருந்து சாப்பிடவேண்டும், வென்ற கிண்ணத்திலிருந்து குடிக்கவேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரன் ஒரு நாள் குருநகரிலிருந்து ஒருவன் வந்து கிண்ணம் தூக்குவான் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டான். எங்களுடைய தமிழ்ப் பெரியமனுஷர் சிலர் போய்த் துரையிடம், அவனுக்குப் பின்விறாந்தையில் சாப்பாடு கொடுத்துக் கையில் ஏதும் வைத்து அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். துரை, சட்டம் சட்டம்தான் என்றுவிட்டார். அவரை நான் நல்லவர் என்று எழுதவில்லை, தம்பி. அவர் புத்தகக்காரர். அந்த மத்தியானம் முழுக்க எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்த கிழவனை அவர் இங்கிலீசில் "போய்", அதாவது பெடியன், என்றுதான் கூப்பிட்டார். ஆனால் புத்தகத்தில் இருந்தால் இருந்ததுதான். அப்படித்தான், எங்கள் விறாந்தையோடு நின்ற சூசை, கடற்கரை மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில், எனக்கு நேரெதிரே வந்து இருந்தான்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல! சைவம் என்று அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்ததால் எனக்கு அவித்த போஞ்சி, அவித்த கரட், அவித்த உருளைக்கிழங்கு வந்தது. உப்பில்லை, புளியில்லை, மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் உண்டென்று அந்தக் குசினிக்குத் தெரியாது. காய்ச்சல்காரருக்குப் பத்தியம் வைத்தது போலிருந்தது. சுற்றவரச் சூப்பும் கோழியும் மீனும் போய்க்கொண்டிருந்தன. எனக்கு இடப்பக்கம் ஓர் அப்புக்காத்தர், கோட்டில் வழக்குப் பேசுகிறவர், அப்பாவை நாளாந்தம் காண்பவர், கோழிக்காலை அந்த முள்ளாலும் கத்தியாலும் எலும்பு வெளுக்கும்வரை வழித்தார். வேறொருவர் புடிங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சூசை ஒன்றையும் தொடவில்லை. நீ காதுக்குள் ஏதோ சொல்ல, ஒரு பாண்துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். எனக்கு அவனைப் பார்க்க என்னையே பார்ப்பது போலிருந்தது. அந்த மேசையில் எங்கள் இரண்டுபேருக்கும்தான் எப்போது இது முடியும் என்றிருந்தது.

பிறகு கிண்ணம் வந்தது. இரண்டு காது வைத்த பெரிய வெள்ளிக் கிண்ணம். கொமடோர்த் துரை மது தொடாத வேதக்காரர் என்றபடியால் அந்த வருஷம் அதற்குள் ஜிஞ்சர்பியர்தான், அதற்கே பாதிப்பேருக்கு முகம் சுருங்கிப்போயிருந்தது. துரை முதலில் எழும்பி நின்று, மீசை நனைய வாய் வைத்துக் குடித்தார். நுரை மீசையில் நின்றதை நான் கண்டேன். அவரிடமிருந்து ஒரு டாக்குத்தர் வாங்கி அதே இடத்தில் வாய் வைத்தார். அவரிடமிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். எல்லாரும் நெற்றியில் திருநீறு பூசும் ஆட்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு நீ குடித்தாய், நீயும் வாய்தான் வைத்தாய். அதற்குப் பிறகு சூசை. அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினான், தலையை அண்ணாந்தான், ஒரு சாண் உயரத்திலிருந்து கயிறு போல வார்த்து ஒரு மிடறு குடித்தான். ஒரு சொட்டு வெளியே இல்லை. கடலில் ஒரு குடம் தண்ணீரை வள்ளம் முழுக்கக் குடிக்கவேண்டும், ஆகவே அங்கே எவனும் வாய் வைப்பதில்லை என்று நீ பிறகு எனக்குச் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. இந்த மண்டபத்தில் என்னைப் போல எச்சில் பார்க்கிற இன்னொரு சீவன் இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன்.

கிண்ணம் அப்புக்காத்தரிடம் வந்தது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இண்டைக்குச் சனி விரதம்" என்றார். அவர் தட்டில் கோழி எலும்பு கிடந்தது. அடுத்தவருக்குப் பல்லுக்கொதி. புடிங் இரண்டு முறை வாங்கியவருக்குச் சீனி வருத்தமாம், இனிப்புப் பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற கிழவன் யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றான். சூசை பாண்துண்டை மெல்லத் துணியில் வைத்தான். அப்போதுதான் நீ எழும்பினாய். அந்த வசனத்தை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை.

"துரையின்ரை எச்சிலை மூண்டுபேர் குடிச்சியள். வாய் படாமல் குடிச்சவன் சூசை ஒருத்தன். அவனுக்குப் பிறகு மட்டும் விரதமோ?"

தமிழில்தான் சொன்னாய். சொல்லிவிட்டு, எழும்பி நின்ற சூசையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். நீங்கள் துறைக்கு இறங்கும் படிச் சத்தம் கேட்டது. உனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். இனி உனக்குத் தெரியாதது.

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன்னுடைய பெயர் அதில் வந்ததும், எங்களுடைய ஆட்களின் முகம் போன போக்கும் அவருக்கு விளங்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமோ? கோட்டில் திரும்புவது போலத் திரும்பி, "முதலியார்?" என்றார். அப்புக்காத்தர் உடனே குறுக்கே விழுந்து இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பெடியன் வெற்றி மயக்கத்தில் நன்றி சொன்னான் என்று சொன்னாராம். உன் அப்பா தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டிவிட்டு இருந்திருந்தால் அடுத்த கிழமை எல்லா உருண்டையும் வெள்ளையாக விழுந்திருக்கும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். செம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அங்கே கிணற்றடி இல்லை.

அவர் எழும்பினார். மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டினார். கோட்டில் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீ சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அவர் சொல்லச் சொல்லத் துரை துவாயை எடுத்து மீசையைத் துடைத்ததைக் கண்டேன், எந்த இடத்தில் நிற்கிறார் என்று விளங்கியது. சொல்லி முடித்தார். கோட்டில் என்றால் அதோடு வாய் மூடிவிடும். இங்கே மூடவில்லை. துரையைப் பார்த்து நாலு சொல்லில் இன்னொன்று சொன்னார். "ஐ ஆல்சோ சே சோ" என்றார். சொல்லிவிட்டு இருந்தார்.

துரை மெல்ல ஏதோ சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பி, பழக்கதோஷத்தில், எனக்கும் மொழிபெயர்த்தார். "முதலியாரின்ரை பெண்சாதி குடிக்கிறாவோ எண்டு துரை கேக்கிறார்." நான் என்ன செய்ய? துரையின் மீசை பட்ட கிண்ணம். ஆனால் நான் குடிக்காவிட்டால் நானும் அந்த விரதக்காரரோடு சேர்ந்துவிடுவேன். வாங்கினேன், பிள்ளையாரை நினைத்தேன், சூசை செய்தது போல அண்ணாந்து வார்த்தேன். மூக்குப்பேணிக்கு மூக்கு இருக்கிறது, தம்பி. வெள்ளிக் கிண்ணத்துக்குக் காது மட்டும்தான். பாதி மூக்குக்குள் போனது, மீதி மயிலிறகுப் பச்சைப் பட்டில் போனது. எனக்குப் புரையேற, டாக்குத்தரின் மனைவி தலையில் தட்ட, நான் இருமிக்கொண்டே சிரித்தேன். நான் சிரிக்க, துரையின் மனைவி சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், அது முழுச் சிரிப்பு.

வண்டியில் வரும்போது நான் பட்டைப் பிழிந்துகொண்டு வந்தேன். ஆரியகுளம் தாண்டினோம். பிறகு அவர் கேட்டார்.

"இஞ்சாரும், என்ரை இங்கிலீசு சரியா இருந்ததோ?"

"எனக்கென்ன தெரியும்? வடிவாய் இருந்தது. கடைசியிலை என்னவோ ஒண்டு சேர்த்தியள், அது என்ன?"

"நானும் அதைத்தான் சொல்லுறன் எண்டு சொன்னனான்."

"அதுக்கேன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

"'ஐ' எண்டா நான் எண்டு அர்த்தம், கோட்டிலை நான் அப்பிடிச் சொன்னா அது சாட்சிக்காரனப்பா. கள்ளன் கதைச்சா கள்ளனுக்காக 'ஐ' எண்டுவன், கொலைகாரன் கதைச்சா அவனுக்காக 'ஐ' எண்டுவன். எனக்காக ஒருநாளும் சொன்னதில்லை. இண்டைக்கு அவன் சொல்லிப்போட்டுப் போயிட்டான், நான் எழும்பி நிண்டா, அது நானாய்த்தான் வருது."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். சொந்தமாக ஒரு சொல் இல்லாத மனுஷன் என்று நான் சொல்லித் திரிந்தவர், அன்றைக்கு நாலு சொல் வைத்திருந்தார். அதை அவர் உன்னிடமிருந்து எடுத்தார்.

அன்று பின்னேரமே உனக்கு மெயில் ரயில். பெட்டியைக் காலையிலேயே ஸ்டேசனில் போட்டிருந்தோம். நீ குருநகரிலிருந்து நேரே வந்தாய். எங்கள் முகத்தை நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா உன்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி, "சாப்பிட்டனியோ?" கோபத்தில் வேறொன்றும் பேசவில்லை என்று நீ நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய், அப்படித்தானே? அந்த மேசையில் நீ சூசைக்காகச் சாப்பாட்டை விட்டு எழும்பியதை அவர் ரயில் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பசியோடு போகிறானோ என்பதுதான் அவருக்கு அப்போது இருந்த ஒரே கவலை. தன்னுடைய வாயால் பெருமை பேசத் தெரியாத மனுஷன், ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் அவரால் முடியாது.

அடுத்த கிழமை வாக்கு நடந்தது. அப்பா தானாகவே பெயரை எடுத்துவிட்டதாகத்தானே உனக்கு எழுதினார்? எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது கறுப்பு உருண்டைதான் கூடுதலாக இருந்ததாம். துரை கோட்டில் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, "தோத்துப்போனம், தேத்தண்ணி தாரும்" என்றார். நான் அந்த அப்புக்காத்தரையும் அவர் விரதத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெடியனுக்கு எழுதவேண்டாம். இதைக் கேட்டால் படிப்பை விட்டுட்டு வந்து சண்டைக்கு நிப்பான். அவன்ரை சோதினை முடியட்டும்" என்றார். சோதனை முடிந்தது, உத்தியோகம் வந்தது, பிறகு உலகச் சண்டைக்காலம், கூப்பன் அரிசி என்று காலம் ஓடிவிட்டது. கோட்டுக் கதை கோட்டோடு என்பது அவருடைய பழக்கம். நீ கடிதத்துக்குக் கடிதம் மன்னிப்புக் கேட்டதாகவும் அவர் "அதை விடு, இங்கே வாடை தொடங்கிவிட்டது" என்று காற்றைப் பற்றியே எழுதியதாகவும் இந்தக் கடிதத்தில் சொல்கிறாய், அதுவும் அதனால்தான். மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

வள்ளத்தைக் கிளப்புத் துறையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய்க் குருநகர்க் கரையில் சூசை வீட்டுக்கு முன்னால் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சூசை பூசை கண்டு வந்த பிறகு இரண்டுபேரும் ஓடுவார்கள். முதலில் நான் இரண்டு பொதி புட்டுக் கட்டிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் அவர், "ஒரு பொதியாய்க் கட்டும், பெரிசாய்க் கட்டும்" என்றார். அப்படியே கட்டினேன். அடுத்த முறை சூசை இங்கே வந்தபோது நான் விறாந்தைக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை, உள்ளே கூப்பிட்டேன். அவன் மூக்குப்பேணியைத் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். "அம்மா, உங்களுக்கு இன்னும் பழக்கம் காணாது" என்றான், அந்தப் படுவா! கோட்டடியில் யாரும் அப்பாவைக் கிளப்புக்குப் போவதில்லையோ என்று கேட்டால், "நான் வேறை கிளப். அங்கை ரண்டுபேர்தான் மெம்பர், சாப்பாடு நல்லாய் இருக்கும்" என்பாராம். அந்தக் கிளப்பில் அவர் கடைசி வருஷம்வரை சந்தா கட்டினார் என்று வைத்துக்கொள்.

ஆகவே, தம்பி, நீ அந்தக் கிளப்பில் சேர். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உன் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அந்தக் கதிரை பொருந்தும், நீ அதற்குப் போதாதவன் அல்ல. ஆனால் தகப்பனின் தலைகுனிவை அழிக்க என்று சேராதே. அந்த மண்டபத்தில் உன் தகப்பன் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட்டார், அந்த ஒரு நாளில் அவர் நிமிர்ந்து நின்ற இடத்தில் நீ போய் இருக்கப்போகிறாய், அந்த நினைப்போடு போ. அங்கே போய் நல்லாயில்லாத சாப்பாட்டை நல்லாயிருக்கிறது என்று புகழாதே. சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறவனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள். விரதம் இல்லாத நாளில் விரதம் என்று சொல்லாதே, சாமிக்கும் அது பிடிக்காது. அந்த அப்புக்காத்தர் இப்போது கிழண்டிப்போனார், கண்டால் நீதான் முதலில் கை கூப்பு. பழி வாங்குகிற மாதிரி ஒரு நாளும் சாப்பிடாதே, அது செமிக்காது.

கலியாண விருந்து அங்கேயா, எங்கள் முற்றத்தில் பந்தல் போட்டா என்பதை நீயும் மருமகளும் தீர்மானியுங்கள். அங்கே என்றால் எனக்கு ஒன்று வேண்டும். சூசையும் அவன் பெண்சாதியும் பிள்ளைகளும் என் மேசையில் இருக்கவேண்டும், எனக்கு நேரெதிரே, அவன் முன்பு இருந்த அதே இடத்தில். தாலி இழந்தவளுக்குப் பட்டா என்று ஊர் கேட்டாலும், நான் அந்த மயிலிறகுப் பச்சைப் பட்டைத்தான் கட்டுவேன். ஜிஞ்சர்பியர் பட்ட கறை இன்னும் போகவில்லை, போக நான் விடவுமில்லை. மூக்குப்பேணியைச் சேலைத் தலைப்புக்குள் கொண்டு வருவேன், வெள்ளிக் கிண்ணத்தோடு இனி என்னால் ஏலாது.

அந்த மேசையில் ஒருவேளை யாராவது முகம் சுளித்தால், யாருக்காவது திடீரென்று பல்லுக்கொதி வந்தால், நீ பார்த்துக்கொண்டு இராதே. அன்றைக்குப் போல எழும்பிச் சொல். ஆனால் இந்த முறை சொல்லிவிட்டு வெளியே போகாதே, நின்று கேள். மொழிபெயர்க்க உன் அப்பா இல்லை. எனக்கு இன்றைக்கும் இங்கிலீசு தெரியாது, ஒரேயொரு வசனம்தான் பாடம். நீ சொல்லி முடித்ததும் நான் எழும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன்: ஐ ஆல்சோ சே சோ.

அம்மா